கன்னம் ஒட்டிய பாட்டில்

இந்த வழக்கில் அந்தப் பாட்டிலை முதலில் கவனித்தது நானா அக்காவா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நான்தான் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லி அதுவே நினைவு மாதிரி ஆகிவிட்டது. அக்கா, தான்தான் என்கிறாள். அவளுக்குச் சந்தேகமே கிடையாது. இருபத்திரண்டு வருடம் பார்சல் அலுவலகத்தின் புகார் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். சந்தேகம் என்பது எதிரே நிற்பவர்களுக்கு வருவது என்று நினைப்பவள். ஆகவே கீழே ‘நான் பார்த்தேன்’ என்று வரும் இடங்களை வாசகர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். எங்கள் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கீழே கோட்டுகளுக்கு ஆவி பிடிப்பார்கள். தரை வழியாகச் சூடு ஏறி மேசைக்கால் வரை வரும். அன்று காலை ஒன்பதே காலுக்குக் கதவைத் திறந்த பெண் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று மூச்சை இழுத்தார்.

“கீழ கோட்டு சலவை பண்றாங்க. இங்க நேத்து பால் தீஞ்சிருக்கு. அந்த அலமாரிக்குப் பின்னாடி எலி செத்து ரெண்டு நாள் ஆச்சு,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “சார் இந்த வாரம் வெளியவே போகல.”

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “ஏம்மா, துப்பறியறதுக்கு நாங்க போர்டு மாட்டியிருக்கோம். நீங்க வந்து துப்பறிஞ்சா நாங்க எங்க போறது?”

“மன்னிச்சுக்கோங்க. தொழில் பழக்கம்.”

“எலி எந்தப் பக்கம்?”

“இடது மூலை.”

அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். “டேய் தம்பி, போன ஆறு மாசத்துல நீ கண்டுபிடிச்சதைவிட இந்தம்மா ஆறு நொடியில கண்டுபிடிச்சது அதிகம்டா.”

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதுதான் என் தொழில். எதிரே இருப்பவர்களுக்கு மௌனம் பிடிக்காது. அதில் எதையாவது போட்டு ரொப்பப் பார்ப்பார்கள். அப்படிப் போடுவதில் பாதி உண்மையாக இருக்கும். அக்கா இதைத் திறமை என்று ஒப்புக்கொள்வதில்லை. சோம்பேறித்தனத்துக்கு விசிட்டிங் கார்டு அடித்திருக்கிறேன் என்பாள்.

வந்தவர் ஓர் ஒயின் கடையில் சுவைப்பாளர். எந்த ஒயினை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று நாக்கிலும் மூக்கிலும் பார்த்துச் சொல்லும் வேலை. பதினாறு வருடமாக அதே கடை. தொழிலில் எல்லோரும் அவரை ‘மூக்கு’ என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

“இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு என்னை வேலையை விட்டு அனுப்பறாங்க,” என்றார் மூக்கு. “அது பரவாயில்ல. கூடவே ஒரு கடிதம் போகுது. ஒயின் வாங்கற விக்கிற எல்லார்க்கும். ‘இவங்க லஞ்சம் வாங்கிட்டு மட்டமான சரக்கை நல்லதுன்னு சொன்னாங்க’ன்னு. அதுக்கப்புறம் இந்த மூக்கை நான் சளி சிந்தத்தான் வச்சுக்கணும்.”

“வாங்கினீங்களா?” என்றாள் அக்கா.

“வாங்கியிருந்தா உங்ககிட்ட ஏன் வரேன்? நல்ல வக்கீலா பார்த்திருப்பேன்.”

அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தன்னுடைய நாற்காலியைக் கொடுத்தாள். எனக்குக்கூடக் கொடுக்காத நாற்காலி அது.

விஷயம் இதுதான். அந்தக் கடை ஒவ்வொரு வருடமும் ஒரு மலைப் பட்டியல் போடும். மலைத் தோட்டங்களில் விளைந்த, விலை குறைந்த, ஆனால் தலைவலி தராத பன்னிரண்டு ஒயின்கள். முந்நூறு ருசி பார்த்துப் பன்னிரண்டு. இந்த வருடம் மூக்கு முதலிடம் கொடுத்தது ஒரு மால்பெக்குக்கு, அந்தப் பெயருள்ள கருந்திராட்சையில் போடும் ஒயினுக்கு. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில், யாருக்கும் பெயர் தெரியாத ஒரு விவசாயிகள் சங்கம் போட்ட ஒயின். விலை இரண்டு சினிமா டிக்கெட்.

“ரெண்டு டிக்கெட் விலைக்கு நல்ல ஒயினா?” என்றாள் அக்கா. “எங்க ஆபீஸ் விழாவுல நான் குடிச்சது அதைவிட விலை. துரு புடிச்ச ஆணிய ஊறப்போட்ட மாதிரி இருந்துச்சு.”

“அதுல நீங்க பேருக்குப் பாதி கொடுத்தீங்க. கனமான பாட்டிலுக்குக் கால்வாசி கொடுத்தீங்க. மிச்சம் இருக்கறதுல எவ்வளவு ஒயின் வரும்? இவங்களுக்குப் பேரும் இல்ல, விளம்பரமும் இல்ல. திராட்சை மட்டும்தான் இருக்கு. அங்க பகல்ல வெயில் தோலை உரிக்கும். ராத்திரி பல்லு கிட்டும். திராட்சை பயந்துபோய்த் தோலைத் தடிமனாக்கிக்கும். அதான் அந்தக் கறுப்பு நிறம். பழமும் பழுக்கும், புளிப்பும் போகாது. சமவெளியில இந்த விலைக்கு அது கிடைக்கவே கிடைக்காது.”

இதைச் சொல்லும்போது அவர் தன் வேலை போகப்போவதை மறந்திருந்தார்.

ஒன்பதாயிரம் பாட்டில் வாங்கலாம் என்று முடிவானது. அதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கடையின் விதி. வழக்கமாக மூக்கு போவார். இந்த வருடம் முதலாளி தன் மாப்பிள்ளையை அனுப்பினார். கொள்முதல் பொறுப்பையே அவரிடம் ஒப்படைக்கப்போகிறார், அதற்கு ஒத்திகை. மாப்பிள்ளை ஒரு வாரத்தில் சாம்பிளோடு திரும்பினார். எல்லோரும் ருசி பார்த்தார்கள்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள் அக்கா.

“குடை கழுவின தண்ணி,” என்றார் மூக்கு. “சங்கத்துத் தொட்டியில இருக்கறது இதுதான், இவங்களுக்கு அனுப்பினது வேற எங்கயோ வாங்கின நல்ல சரக்கு, சங்கமும் இவங்களும் கூட்டு, லஞ்சம் கைமாறியிருக்கு அப்படின்னுட்டார் மாப்பிள்ளை. நான் சங்கத்துக்கு போன் போட்டேன். ‘இங்க யாருமே வரல’ன்னாங்க. முதலாளி கேக்கல. ‘மாட்டிக்கிட்டவங்க வேற என்ன சொல்வாங்க’ன்னுட்டார்.”

“அவங்க உங்களுக்கு அனுப்பின சாம்பிள்?”

“எங்க தொழில்ல சாம்பிள் எப்பவும் ஜோடியா வரும். ஒண்ணைக் குடிப்போம். இன்னொண்ணைத் திறக்காம வைப்போம், பின்னாடி சண்டை வந்தா பார்க்க. என்னோட ரெண்டாவது பாட்டில் கடை ஃப்ரிட்ஜுல இருக்கு. கண்ணாடி கூட இல்ல, சாதா பிளாஸ்டிக் பாட்டில். ஒன்றரை லிட்டர் பாட்டில்ல பாதிதான் ஊத்துவாங்க. உள்ள காத்து இருந்தா ஒயின் கெடும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. போதாக்குறைக்கு இந்தப் பார்சல்காரங்க வேற அதை மிதிச்சு நசுக்கி—”

“ஒரு நிமிஷம்,” என்றாள் அக்கா. குரல் மாறிவிட்டது. “யாரு மிதிச்சது?”

“பார்சல்காரங்க.”

“நாங்க மிதிக்க மாட்டோம்.”

“அக்கா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க,” என்றேன். அன்று நான் பேசிய முதல் வாக்கியம் என்று நினைக்கிறேன்.

“ரிட்டயர் ஆனா? தூக்கிப் போடுவோம். மழையில விடுவோம். வேற ஊருக்கு அனுப்புவோம். மிதிக்க மாட்டோம். எழுந்திருடா, எனக்கு அந்தப் பாட்டிலைப் பார்க்கணும்.”

நாங்கள் அந்தத் தடயத்தைத் துரத்திக்கொண்டு கிளம்பியது இப்படித்தான். இதில் என் பங்கு, சட்டையை மாற்றிக்கொண்டது.

*

கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்தது. பெட்டகம் இருந்த இடத்தில் இப்போது பாட்டில்கள். சுவைக்கும் அறை முழுக்க வெள்ளை: மேசை வெள்ளை, சுவர் வெள்ளை, துப்புவதற்கு வைத்திருந்த வாளியும் வெள்ளை. சுவரில் ஒரே ஒரு சட்டகம். உள்ளே பெரிய எழுத்தில், ‘மலை ஏறாதவன் ஒயின் வாங்கக் கூடாது.’ கீழே முதலாளியின் கையெழுத்து. சொன்னதும் அவர்தான், சட்டம் போட்டதும் அவர்தான், தினமும் படித்துப் பாராட்டுவதும் அவர்தான்.

முதலாளி அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் மெல்லிய பட்டுத்துணி. எங்களைப் பார்த்த விதத்தில், குளோரின் வாடை வந்த தண்ணீரைப் பார்ப்பது போல ஒரு முகச்சுளிப்பு.

“யாரு தைலம் தடவியிருக்கறது?”

“எனக்குத் தலைவலி,” என்றாள் அக்கா.

“இந்த அறையில வாசனை கூடாது. சென்ட்டு, தைலம், சிகரெட், மிட்டாய் எதுவுமே கூடாது. முகத்தைக் கழுவிட்டு வாங்க.”

அக்கா கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது, நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. கன்னத்தின் உள்ளே எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். அறை முழுக்க இஞ்சி மணந்தது.

“இது?” என்றாள் அக்கா, ஈர முகத்தோடு.

“இஞ்சி மிட்டாய்,” என்றார் மாப்பிள்ளை. “வேணுமா?”

முதலாளி சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளை வாயில் போட்டது வாசனை ஆகாது என்று எந்தச் சட்டகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அது சட்டம்.

“எப்பவுமே சாப்பிடுவீங்களா?” என்றாள் அக்கா.

“கார்ல வந்தா. வீடு கொஞ்சம் தூரம்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

“இவர் ஏதாவது கேப்பாரா?” என்றார் முதலாளி.

“கேட்டுக்கிட்டுதான் இருக்கார்,” என்றாள் அக்கா. “உங்களுக்குக் கேக்கலையா?”

மூன்றாவது நிமிடத்தில் மாப்பிள்ளை தானாக ஒரு கோப்பைத் திறந்தார்.

“எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு சார். விமான டிக்கெட். அடிவாரத்துல ஹோட்டல் பில். அங்கிருந்து தினமும் காலையில கார்ல மேல போயிட்டு சாயங்காலம் இறங்கிடுவேன். இதெல்லாம் மலையோட போட்டோ.”

பதினோரு போட்டோக்கள். பனி மூடிய மலை, அதன் முன்னால் மாப்பிள்ளை. மலை, மாப்பிள்ளை, காபி. மலை, மாப்பிள்ளை, வேறு சட்டை.

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அடுக்கி வைத்தாள். “எல்லா போட்டோவுலயும் மலை பின்னாடியே நிக்குதே. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?”

“தோட்டத்துக்குள்ள போட்டோ எடுக்க விடல.”

“பயமா இருக்கும். திராட்சைக்குக் கண்ணு பட்டுடும்.”

“மாப்பிள்ளையை இப்படியெல்லாம் கேக்கக் கூடாது,” என்றார் முதலாளி. மூக்கு ஜன்னலோரம் நின்று தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பதினாறு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்காராமல் நின்றது அன்றுதானாம், பிறகு சொன்னார்.

“சாம்பிள்?” என்றேன்.

“நானே என் கையால தொட்டியில இருந்து பிடிச்சது,” என்றார் மாப்பிள்ளை. இந்த இடத்தில் அவருக்குத் தெம்பு வந்தது. “ரெண்டு பாட்டில். ஒண்ணைத்தான் எல்லாரும் குடிச்சுப் பார்த்தோம். இன்னொண்ணு ஃப்ரிட்ஜுல இருக்கு. தொட்டிக்கு முன்னாடி நின்னு மூடினேன். மூடி மேல தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். தேதி, மணி எல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் இந்த நிமிஷம் வரைக்கும் யாரும் அதைத் திறக்கல. சீல் அப்படியே இருக்கு. வேணும்னா பாருங்க.”

“பார்க்கத்தான் வந்தோம்,” என்றாள் அக்கா.

முதலாளி ஃப்ரிட்ஜைத் திறந்தார். நடுத்தட்டில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே அளவு. இரண்டிலும் ஏறக்குறையப் பாதி வரை ஒயின். மூக்கின் பாட்டிலுக்குக் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. எதையோ கேட்டு அதிர்ந்து மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விட மறந்தது போல. மாப்பிள்ளையின் பாட்டில் மழுமழுவென்று, விருந்து சாப்பிட்டவர் மாதிரி நின்றது.

இரண்டையும் மேசை மேல் வைத்தார்கள்.

இங்கேதான் தகராறு. நான் பார்த்தது நினைவிருக்கிறது. ஒன்று ஒட்டியிருக்கிறது, மற்றது ஒட்டவில்லை என்று. அது எதைச் சொல்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. அக்கா ஒட்டிய பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பினாள், முதுகைத் தட்டிப் பார்க்கும் டாக்டர் மாதிரி.

“இதைத்தான் நாங்க மிதிச்சோம்னு சொன்னீங்களாம்மா?”

“ஆமா,” என்றார் மூக்கு. “அங்கிருந்து எப்ப வந்தாலும் இப்படித்தான் வருது.”

“மிதிச்சா ஒரு பக்கம் நசுங்கும். மடிப்பு விழும், வெள்ளையாக் கோடு விழும். இது நாலு பக்கமும் சமமா உள்ள போயிருக்கு. ஒரு கீறல் இருக்கா பாருங்க. இருபத்திரண்டு வருஷம் இதே புகார்தான். மலை ஊர்லேர்ந்து தேன் வரும், ஷாம்பு வரும், பாதி ரொப்பின எதுவா இருந்தாலும் இப்படித்தான் வந்து நிக்கும். ‘மிதிச்சுட்டீங்க’ன்னு கவுன்ட்டர்ல வந்து கத்துவாங்க. ஒவ்வொருத்தருக்கும் எழுதிக் கொடுப்பேன். மேல காத்து லேசு. அங்க மூடினா அந்த லேசான காத்துதான் உள்ள மாட்டிக்கும். கீழ இறக்கினா இங்க இருக்கற கனமான காத்து வெளியிலேர்ந்து அமுக்கும். பாட்டில் என்ன பண்ணும் பாவம், கன்னம் ஒட்டிப்போகும்.”

யாரும் பேசவில்லை. இந்த மௌனம் நான் உண்டாக்கியது இல்லை. ஆனாலும் நல்ல மௌனம். நான் அதற்குள் கையை விட்டு மற்ற பாட்டிலை எடுத்தேன். தாள் ஒட்டியிருந்தது. கையெழுத்து, தேதி, மணி. சீல் முடி அளவுகூட விலகவில்லை.

“இதுவும் ரெண்டாயிரத்து நானூறு மீட்டர்ல மூடினதா?” என்றேன்.

மாப்பிள்ளையின் வாயில் மிட்டாய் உருள்வது நின்றது.

“குளிருக்கு,” என்றார். “குளிர்ல வச்சா பாட்டில் சுருங்கும். அவங்களோடது அதனால சுருங்கியிருக்கு.”

“ரெண்டும் ஒரே தட்டுலதானே நின்னுச்சு?” என்றாள் அக்கா. “உங்க பாட்டில் மட்டும் ஸ்வெட்டர் போட்டிருந்துச்சா?”

“வழியில ஒருவேளை மூடி தளர்ந்து காத்து...”

“யாரும் திறக்கல, சீல் அப்படியே இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க.”

மூக்கு ஜன்னலை விட்டு வந்தார். தன் பாட்டிலின் மூடியில் கை வைத்தார். “இதைத் திறந்து ஊத்தறேன். எல்லாரும் குடிச்சுப் பாருங்க.”

அக்கா அவர் கையைப் பிடித்தாள். “திறக்காதீங்க. திறந்தா காத்து உள்ள போயி நிமிர்ந்துக்கும். உங்க பக்கம் இருக்கற ஒரே சாட்சி இது. இப்படியே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்.”

இனிதான் எனக்கு உரிய இடம். துப்பறிகிறவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கும் இடம். எழுந்து நின்றேன்.

“மாப்பிள்ளை மலைக்குப் போகவே இல்ல,” என்றேன். “சமவெளிக்காரங்க யாரோ இவருக்குப் பணம் கொடுத்திருக்காங்க. மலை ஒயினைப் பட்டியல்லேர்ந்து தூக்கிட்டா அந்த ஒன்பதாயிரம் பாட்டில் இடம் அவங்களுக்குக் கிடைக்கும். லஞ்சம் வாங்கினது மூக்கு இல்ல. இவர். யார் கொடுத்தாங்கன்னு இப்ப சொல்லிடறது நல்லது.”

நன்றாகத்தான் சொன்னேன். குரல்கூடச் சரியாக இருந்தது. மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் பயம் இல்லை. ஆச்சரியம் இருந்தது. கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

“டேய் தம்பி, உட்காரு,” என்றாள் அக்கா.

உட்கார்ந்தேன்.

அவள் மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். புகார் கவுன்ட்டரில் உடைந்த பார்சலோடு வந்து அழுகிறவர்களிடம் அப்படித்தான் பேசியிருக்க வேண்டும்.

“எத்தனாவது வளைவுல வாந்தி எடுத்தீங்க தம்பி?”

மாப்பிள்ளை மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“மூணாவது,” என்றார் மாப்பிள்ளை.

“மொத்தம் எத்தனை?”

“நாப்பத்தி நாலு.”

முதலாளி தன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“கார் கதவுல, கார்க்காரர் மேல, ரோட்டுல, எல்லா இடத்துலயும்,” என்றார் மாப்பிள்ளை. சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. “ரெண்டாவது நாளும் போய்ப் பார்த்தேன். அன்னிக்கு ரெண்டாவது வளைவு. மூணாவது நாள் கார்க்காரர் என்னை ஏத்தவே இல்ல. அப்புறம் ஹோட்டல் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஹோட்டல்ல கூஜாவுல ஒயின் கொடுப்பாங்க. சிவப்பாத்தான் இருந்துச்சு. மலை அடிவாரம்தானே, அதே திராட்சையாத்தான் இருக்கும்னு நினைச்சேன். எனக்கு எல்லா ஒயினும் ஒரே மாதிரிதான் இருக்கும் மாமா. அதை ரெண்டு பாட்டில்ல ரொப்பினேன். மூக்கு மேடம் பாட்டில் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கேன். அதே மாதிரி பெரிய பாட்டில் வாங்கி, பாதி அளவு கோடு போட்டு, அவ்வளவுதான் ஊத்தினேன்.”

“முழுசா ரொப்பியிருந்தா தப்பிச்சிருப்பீங்க,” என்றாள் அக்கா. “உள்ள காத்து இல்லன்னா ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. இவ்வளவு ஒழுங்கா காப்பி அடிச்சிருக்கக் கூடாது.”

“இங்க வந்து ஊத்தினா எல்லாரும் ‘நல்லா இருக்கு’ன்னு சொல்வாங்க, முடிஞ்சிரும்னு நினைச்சேன். நீங்க குடிச்சுட்டு வாளியில துப்பினீங்க மாமா. ‘இது என்ன’ன்னு கேட்டீங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அவங்க ஏமாத்திட்டாங்கன்னு வாயில வந்துடுச்சு. வந்ததுக்கப்புறம் எப்படித் திரும்ப வாங்கறது?”

மூக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாயில வந்தது உங்களுக்கு. போகப்போனது என் சோறு,” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார். நாற்பது வருடமாக வேலைக்காரர்களைத் திட்டிப் பழகிய வாய். ஆனால் எதிரே இருப்பவர் மாப்பிள்ளை. மரியாதை குறையக் கூடாது.

“மாப்பிள்ளை... நீங்க... நீங்க ஒரு...” மேற்கொண்டு ‘நீங்க’வோடு சேரக்கூடிய வசவு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. “எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?”

மாப்பிள்ளை சுவரில் இருந்த சட்டகத்தைக் காட்டினார்.

“கல்யாணமான புதுசுல மலைக்குத்தானே ரெண்டு பேரும் போனீங்க? உச்சியிலேர்ந்து கார்டு போட்டீங்களே?”

“கார்டு அடிவாரத்துலயே விக்கறாங்க மாமா. உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியும். அப்பாகிட்டச் சொல்லாதீங்க, மதிக்க மாட்டார்னு அவதான் சொன்னா. கார்ல வாந்தி வராம இருக்க இஞ்சி மிட்டாயும் அவதான் வாங்கிக் கொடுப்பா.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “லஞ்சமாம்ல, லஞ்சம்,” என்றாள்.

மணி பதினொன்றே முக்கால். மேசையின் ஓரத்தில் இரண்டு கடிதங்கள் தயாராக இருந்தன. ஒன்று உங்கள் ஒயின் வேண்டாம் என்று சங்கத்துக்குச் சொல்ல, மற்றொன்று மூக்கைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்ல. முதலாளி இரண்டாவதை எடுத்து நான்காகக் கிழித்து வாளியில் போட்டார். அது துப்பும் வாளி. அங்கே அதைவிட மரியாதையாகக் கிழித்துப் போட வேறு இடம் இல்லை.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார்.

“ஆர்டர் போகட்டும் முதல்ல,” என்றார் மூக்கு. “சங்கம் கொடுத்திருக்கற கெடுவும் பன்னெண்டுதான், அதுக்கு மேல ஆனா அவங்க வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. மன்னிக்கறதை அப்புறம் பார்க்கலாம்.”

*

ஆர்டர் பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது போனது. ஒன்பதாயிரம் பாட்டிலும் வந்து சேர்ந்தன. ஏழு வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. மூக்கு இப்போது அந்தக் கடையின் கொள்முதல் தலைவி. வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்து நான்கு வளைவும் ஏறி இறங்குகிறார். முதலாளியை மன்னிக்க அவருக்கு இரண்டு வருடம் ஆனது. மாப்பிள்ளையை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்குக் கடலோரத் தோட்டங்களின் பொறுப்பைக் கொடுத்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மேடு கிடையாது. ருசி பார்க்கும் வேலை அவருக்கு இல்லை. கணக்காகப் பேசி, கப்பலை நேரத்துக்கு வரவழைப்பதில் கெட்டிக்காரர் என்று பேச்சு. முதலாளியின் மகள், கணவரை மலைக்கு அனுப்பியதற்காக அப்பாவிடம் ஒரு மாதம் பேசவில்லை. முதலாளி சட்டகத்தைக் கழற்றிவிட்டார். ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது.

சங்கத்துக்காரர்கள் இன்னும் பாதிதான் ஊற்றுகிறார்கள்.

எலியை அன்று சாயங்காலமே அக்கா எடுத்துப் போட்டாள். இடது மூலையில்தான் இருந்தது.

எனக்குக் கூலியோடு கூட ஆறு பாட்டில் மால்பெக் வந்தது. ஐந்தை அக்கா குடித்தாள். ஆறாவதில் எனக்கு ஒரு டம்ளர் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். கறுப்பாக இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

கன்னம் ஒட்டிய பாட்டிலையும் மூக்கு எங்களுக்கே கொடுத்துவிட்டார். உள்ளே இருப்பது எப்போதோ கெட்டுப் புளித்திருக்கும். என் மேசை மேல் நிற்கிறது. நாங்கள் அதைத் திறக்கவில்லை.